விருந்தாளிகள் போன பிறகு

அத்தியாயம் பதினொன்று

பெலிசா பின்பக்கமாகத்தான் வந்தாள்.

போன வாரம் அவளை ஊருக்கு ஊர் ஓடும் ஜீப்னி வண்டியிலிருந்து இறக்கி, கையில் கோழிக்கூடையோடு தெருமுனையில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். அங்கிருந்து தங்கை லிகாயாவின் வீட்டு முன்வாசல் கூப்பிடு தூரம். உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவின் திருநாளுக்காக வாசலில் நெற்கதிரும் பூசணியும் பாகற்காயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கதவும் அகலத் திறந்து கிடந்தது. ஆனாலும் பெலிசா பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, வாழைகளைச் சுற்றி, சேற்றை மிதித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்படி வா என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. முன்பக்கம் வா என்றும் யாரும் சொன்னதில்லை.

லிகாயா ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது. அந்த 'அப்பாடா' எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

அந்த வீட்டில் இரண்டு சமையலறை. உள்ளே இருப்பது பார்வைக்கு. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி அலமாரி, அதில் பூப்போட்ட தட்டுகள். அங்கே காப்பிக்கு வெந்நீர் வைப்பதோடு சரி. நிஜமான சமையல் நடப்பது வெளியே, தகரக் கூரைக்குக் கீழே, விறகடுப்பில். கொஞ்சம் வசதி வந்துவிட்டால் அந்த ஊரில் எல்லா வீடும் இப்படி இரண்டாகிவிடும்.

பெலிசா கூடையை இறக்குவதற்குள் ஆறு வயது தாலா ஓடிவந்தாள். பெரியம்மாவின் கையைப் பிடித்து, குனிந்து, அந்தப் புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர்களைப் பார்த்ததும் பிள்ளைகள் செய்யவேண்டிய மரியாதை அது. மானோ என்பார்கள்.

"நல்லா இருடி என் தங்கம். கை நாறுதா?"

"கருவாட்டு வாசம்."

"அது எங்க போகும்? நான் செத்தாலும் முதல்ல பூனைதான் வந்து அழும் பாரு."

தாலா விழுந்து விழுந்து சிரித்தாள். லிகாயாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இந்த வாசம் கூடம் வரைக்கும் வருமா என்று மூக்கை ஒருதரம் உறிஞ்சிப் பார்த்துக்கொண்டாள்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பாவையும் அம்மாவையும் ஒரே புயலில் கடல் கொண்டுபோனபோது லிகாயாவுக்கு இப்போது தாலாவுக்கு இருக்கும் வயது. இருபது வயது மூத்தவளான பெலிசா கரையோரம் மீன் உலர்த்தி, சந்தையில் கூவி விற்று, தங்கையை டீச்சர் படிப்பு வரை கொண்டுவந்து விட்டாள். கல்யாணத்தைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. நேரம் வந்தபோது கேட்க ஆள் இருக்கவில்லை. தங்கை இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டதிலிருந்து வருஷா வருஷம் திருவிழாவுக்கு வந்து அடுப்படியில் நின்றுவிட்டு, சாயங்கால ஜீப்னிக்குத் திரும்பிவிடுவாள்.

லிகாயா யாரிடமும் பொய் சொன்னதில்லை. அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விருந்தாளி, "இந்தச் சமையல்காரம்மாவ எங்க பிடிச்சீங்க டீச்சர்? கை மணக்குதே!" என்று கேட்டபோது, அவள் புன்னகை செய்தாள். அவ்வளவுதான். அந்தப் புன்னகை ஊரெல்லாம் பரவிவிட்டது. அப்புறம் அதைத் திருத்துவதற்குத் தோதான நாள் அமையவே இல்லை. அந்த டீச்சரம்மா தினமும் காலையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்துகிற முதல் பாடம் நன்னடத்தை என்பதையும் நாம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"கறிய ஊறப் போட்டுட்டேன்கா. இந்தத் தடவ காரம் கம்மியா இருக்கட்டும். தோன்யா கிளெமென்சியா வர்றாங்க."

"அரிசி மில்லு அம்மாவா? இந்த வீட்டுக்கா?" பெலிசா அகப்பையைக் கீழே வைத்தாள். "புள்ளைக்கு ஞானத்தாயா நின்னதோட சரி, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லயேடி."

"அதான் இன்னைக்கு வர்றாங்க." லிகாயாவின் முகத்தில் வெளிச்சம். "நீ இங்கயே இருந்து கவனிச்சுக்கோக்கா. உனக்குத்தான் கூட்டம் பிடிக்காதே."

"பிடிக்காதுதான்" என்றாள் பெலிசா, அடுப்பை ஊதிக்கொண்டே.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த தாலா நிமிர்ந்தாள். "பெரியம்மா, நீங்க சந்தையில அவ்ளோ கூட்டத்துலதான உக்காந்து மீன் விக்கறீங்க? அது மட்டும் எப்படிப் பிடிக்கும்?"

இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளவில்லை.

"பூண்ட உரிடி" என்றாள் லிகாயா.

தாலா உரித்தாள். ஆனால் கண் இரண்டும் அம்மாவின் முகத்திலும் பெரியம்மாவின் முகத்திலும் மாறி மாறிப் போய்வந்தன. கேட்கக்கூடாத கேள்வி என்று ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்றுதான் யாரும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. திருவிழா அன்றைக்கு யார் வேண்டுமானாலும் யார் வீட்டிலும் நுழைந்து சாப்பிடலாம். லிகாயாவின் கணவன் ரெனாண்ட்டே முழுசாய்ச் சுட்ட பன்றியை நடுமேஜையில் கிடத்தி, மொறுமொறு தோலைக் கத்தியால் தட்டித் தட்டி வெட்டிக்கொண்டிருந்தான். தெருவில் போன பலூன்காரனைக்கூட, "வாய்யா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். பேர்கூடத் தெரியாத அந்த ஆளுக்குப் பூப்போட்ட தட்டு போனது. பின்கட்டில் பெலிசா எனாமல் தட்டில் ஒரு பிடி சோற்றைப் போட்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தோன்யா கிளெமென்சியா வந்தார். 'தோன்யா' என்பது பெரிய வீட்டு அம்மாக்களுக்கு ஊர் கொடுக்கிற பட்டம். நெட்டை உருவம், கையில் விசிறி, கழுத்தில் ஒற்றை முத்து. கெட்டவர் இல்லை. எல்லோரும் தன்னைப் பார்த்து எழுந்து நிற்பது அவருக்கு மழை வெயில்போல ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

"என்ன மாரே, வீட்ட இப்படி அழகா வெச்சிருக்க! இத்தனை நாள் என்னை ஏன் கூப்பிடல?"

மாரே! பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிற உறவுச்சொல் அது. தாலாவின் ஞானஸ்நானத்திலிருந்து இன்றுவரை அவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது என்பதை லிகாயா பார்த்துக்கொண்டாள். உச்சி குளிர்ந்துபோய்விட்டது.

"தாலா, எல்லாருக்கும் மானோ பண்ணும்மா."

தாலா ஆரம்பித்தாள். முதலில் 'நினாங்' என்று அவள் கூப்பிடும் ஞானத்தாய், அப்புறம் தலைமையாசிரியர், அப்புறம் அப்பாவின் சித்தப்பா. ஒவ்வொரு கையாக எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டே வந்தாள். பலூன்காரன் தலை நரைத்தவன், அவன் கையையும் எடுத்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

"வளர்த்தா இப்படி வளர்க்கணும்" என்றார் தோன்யா. "டீச்சர் பொண்ணுன்னா சும்மாவா? என்ன தாலா, எல்லாரையும் முடிச்சாச்சா? யாரும் விட்டுப்போகலையே?"

அந்த நேரம் பார்த்துத்தானா பெலிசா வரவேண்டும்? பரிமாறும் பெண்ணைக் காணவில்லை, கறி ஆறிப்போகிறதே என்று, கொதிக்கிற பாத்திரத்தைத் துணியால் பிடித்தபடி கூடத்து உள்வாசலில் வந்து நின்றாள். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முகத்தில் கரி.

தாலா அவளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த பிள்ளையின் குரலில் சொன்னாள்.

"பெரியம்மாவுக்கு இப்ப இல்ல நினாங். விருந்தாளிங்க எல்லாம் போனப்புறம்தான் அவங்க பெரியம்மா."

ரெனாண்ட்டேயின் கத்தி பன்றித்தோலில் பாதியில் நின்றது.

"பெரியம்மாவா?" தோன்யா விசிறியை நிறுத்தினார். "யாரு, இந்த அம்மாவா?"

லிகாயா ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ஆமாம்.' அந்த ஒரு வார்த்தைக்கு வாய் திறக்கவில்லை. அவள் காதில் இன்னும் 'மாரே' ஒலித்துக்கொண்டிருந்தது. வந்த உறவு வந்த வழியே போய்விடுமோ என்று பயந்தாள்.

"அய்யோ, இவளுக்கு எல்லாருமே பெரியம்மாதான் தோன்யா!" அவள் சிரித்த சிரிப்பு அவளுக்கே வேறு யாரோ சிரித்தமாதிரி இருந்தது. "ஐஸ் விக்கிறவங்களக்கூட அப்படித்தான் கூப்பிடுவா. இவங்க நம்ம சமையல்காரம்மா. வருஷா வருஷம் வருவாங்க."

முன்பெல்லாம் புன்னகை மட்டும். இன்றைக்கு அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

பெலிசா பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். துணியை உதறி மடித்தாள். வலது கையை மெல்ல ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டாள், குழந்தை மறந்துபோய் அதை எடுத்துவிடாமல் இருக்க.

"ஆமாங்கம்மா" என்றாள். "சின்னப் பொண்ணு. பாசமா அப்படிக் கூப்பிடும்."

அக்கா மறுத்துச் சொல்லியிருந்தால்கூட லிகாயா தாங்கியிருப்பாள். ஒத்துக்கொண்டாளே, அதைத் தாங்கமுடியவில்லை.

தோன்யா ஒரு கரண்டி கறி எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். "அடடா! ஏம்மா, அடுத்த மாசம் என் பையனுக்குக் கல்யாணம். நீதான் வந்து சமைக்கணும். டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும் பெரிய மனுஷங்க மேஜையில உக்காருவாங்க. பழகின முகம் இருந்தா உனக்கும் கூச்சம் இருக்காது."

எல்லோரும் பெலிசாவைப் பார்த்தார்கள்.

"வர்றேங்கம்மா" என்றாள் பெலிசா.

ரெனாண்ட்டே தலையைக் குனிந்துகொண்டு வெட்டுவதைத் தொடர்ந்தான்.

லிகாயா பின்கட்டுக்கு வர முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பெலிசா கடைசிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்க வேண்டியதைவிட அதிகமாகத் தேய்த்தாள்.

"ஏன்க்கா ஒத்துக்கிட்ட?"

"எதை?"

"கல்யாணத்துக்கு வர்றேன்னு."

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? நீ ஆரம்பிச்சு வெச்ச கதை. நான் நடுவுல விட்டா அசிங்கமா போயிடாது?" பானையைக் கவிழ்த்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குக் கூட்டம் பிடிக்காதுன்னு நீ சொல்லித்தான்டி எனக்கே தெரியும்."

"அக்கா, நான் வேணும்னு..."

"வேணும்னு பண்ணலதான். வேணும்னு பண்ணியிருந்தா நாலு அறை விட்டுட்டு நிம்மதியாப் போயிருப்பேன். என் கை வலுவு உனக்குத் தெரியாதா?"

லிகாயாவுக்குத் தெரியும். அந்தக் கை அவளை ஒரே ஒருமுறைதான் அடித்திருக்கிறது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுத அன்றைக்கு. உன் மேல மீன் நாத்தம் அடிக்குது என்று பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவில்லை என்பதற்காகத்தான் அன்று அவள் அழுதாள். அடித்த கையே அன்று ராத்திரி எலுமிச்சையைப் பிழிந்து பிழிந்து அவள் சட்டையை அலசியது. இத்தனை வருஷம் கழித்து, தானும் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"மன்னிச்சுக்கோ" என்று ஆரம்பிக்கப் போனாள். செருப்புச் சத்தம் கேட்டது.

தோன்யா கிளெமென்சியாவேதான். வீட்டுக்குக் கொண்டுபோகக் கறிப் பொட்டலம் கட்டச் சொல்லி அவரே பின்கட்டுக்கு வந்துவிட்டார். அவர் விரலைப் பிடித்தபடி தாலா.

"கிளம்பிட்டியாம்மா?" என்றார் தோன்யா.

"ஜீப்னிக்கு நேரமாச்சுங்க." பெலிசா பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தாள். காலிக் கோழிக்கூடையைப் பார்த்தாள். அப்புறம், போகும்போது எப்போதும் செய்கிற பழக்கத்தில், தன்னையறியாமல் வலது கையைத் தாலாவிடம் நீட்டிவிட்டாள்.

தாலா அந்தக் கையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஞானத்தாயைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க, சமையல்காரம்மா."

நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அது கூடையை எடுத்துக்கொண்டது. பெலிசா வாழைகளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"குழந்தைக்கு என்ன தெளிவு பாரு!" என்று தாலாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தோன்யா உள்ளே போனார்.

தாலா அம்மாவின் பாவாடையை இழுத்தாள். "மத்தியானம் தப்பாச் சொல்லிட்டேன்ல? இப்ப சரியாப் பண்ணேனா?"

லிகாயா குனிந்து பார்த்தாள். இந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். கணக்கைப் போட்டு முடித்து, நோட்டை நீட்டிக்கொண்டு, சிவப்பு மையில் ஒரு நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கிற பிள்ளையின் முகம். 'பெரியம்மாவை இப்படி நடத்து' என்று மகளிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே இவ்வளவையும் கற்றுக்கொடுத்திருக்கிறாள். எந்தக் கதவு யாருக்கு, எந்தத் தட்டு யாருக்கு, யார் இருக்கும்போது யார் சொந்தம் என்று ஒன்றுவிடாமல் பிள்ளை படித்து முடித்துவிட்டது.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"வா" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சந்து வழியாக இல்லை. பளபளக்கும் சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, விருந்தாளிகளை இடித்துக்கொண்டு, பூசணி தொங்கும் முன்வாசல் வழியாக.

ஜீப்னி தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. பெலிசா கடைசி இருக்கையில், மடியில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. லிகாயா மூச்சிரைக்க வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கையக் குடுக்கா. நான் மானோ பண்ணணும். தாலாவும் பண்ணட்டும். கையக் குடு."

பெலிசா தங்கையை நிதானமாகப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று சொல்லமுடியாது, களைப்பு இருந்தது. அவள் பார்வை லிகாயாவின் தோளைத் தாண்டி வீட்டு வாசலுக்குப் போய் அங்கேயே நின்றது. கையைக் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"விருந்தாளிங்க இன்னும் போகலடி" என்றாள். "வீட்டுக்குப் போ."

ஜீப்னி கிளம்பிவிட்டது. புகை அடங்கும் வரை லிகாயா அங்கேயே நின்றாள். அப்புறம் திரும்பினாள்.

முன்வாசலில், நெற்கதிர்களுக்குக் கீழே, கறிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோன்யா கிளெமென்சியா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பாதித் திருவிழா நின்றிருந்தது.

"யாரை அக்கான்னு கூப்பிட்ட, மாரே?"

ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். வயதில் மூத்த யாரையும் அக்கா என்று கூப்பிடுகிற ஊர்தானே.

சரியான பதில் எதுவென்று தெரிந்துகொள்ள, தாலா அம்மாவின் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.